சித்தி லைலாவுக்கு இரண்டு வருஷ நீடிப்பு

1982 செப்டெம்பர் 14, செவ்வாய்க்கிழமை

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். "கசெட் குவைத்திலிருந்து தபாலில் வந்தது" என்று எழுதியிருந்தேன். மீராசாஹிபு மாமா அப்படிச் சொல்லவில்லை. "குவைத்திலிருந்து வந்தது" என்று மட்டும்தான் சொன்னார். தபால் நானாகச் சேர்த்துக்கொண்டது. இன்று காலை அவரிடமே கேட்டுத் திருத்தினேன். கசெட் கையில் வந்திருக்கிறது. கொண்டுவந்து கொடுத்தவள் பாலமுனைக் கைருன்னிஸா. குவைத்தில் சித்தி லைலா வேலை செய்யும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வேலை செய்தவள்.

ஒரு சொல்தானே என்று விட முடியாது. தபாலுக்குப் பின்னால் ஓடிப் பயனில்லை. ஆளுக்குப் பின்னால் போகலாம். ஒரு முழுப் பகல் என்னால் வீணாகிவிட்டது.

கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தட்டச்சுக் கடையில் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் விண்ணப்பம் நிரப்புவது என் வேலை. பின்னேரம் ஆங்கில வகுப்பு. துப்பறிகிறவன் என்ற பெயரை எனக்கு வைத்தவன் அதே வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கும் காரைதீவுக் கனகரெத்தினம். ஒரு தடவை களவுபோன சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து தன்னுடைய றேடியோ திருத்தும் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் "ஜெமீலிட்டச் சொல்லுங்க, ஆண்டவனையும் தேடித் தருவான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு அந்த அளவு நம்பிக்கை என்மேல் இல்லை.

மீராசாஹிபு மாமா சாய்ந்தமருதில் கரைவலை இழுப்பவர். மூத்த மகள் சித்தி லைலாவின் புருஷன் கடலில் மௌத்தாகிவிட்டான். விதவையான பின் அவள் வீட்டு வேலைக்கு இரண்டு வருஷ விசாவில் குவைத் போனாள். இந்த மாதம் விசா முடிகிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துத் தங்கை றபீக்காவின் கலியாணம். அதற்கு வந்துவிடுவாள் என்றிருந்தார்கள். வந்தது கசெட். விசாவை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டியாகிவிட்டது என்று அவள் குரல் சொன்னது.

சந்தோஷப்படுகிற செய்திதான். ஆனால் மாமா பயந்துபோயிருந்தார். அவர் தெருவில் ஒரு பெண் தை மாதம் குவைத்தில் இறந்திருக்கிறாள். வீட்டுக்குத் தகவல் வைகாசியில்தான் கிடைத்தது. இடையில் அவள் முன்பே பேசிவைத்த கசெட் ஒன்று வந்து, அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தும் இருக்கிறார்கள்.

"விசா நீண்டிச்சா நீளல்லியா எனக்கு வேணாம் மனே," என்றார். "என்ட புள்ள உசிரோட, ஹயாத்தோட இரிக்காளா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

கசெட்டை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். போகும்போது, "மைமூனா இத ஒருக்காத்தான் கேட்டா. மறுகா போட உடமாட்டேங்கா. பெத்த வயிறுதானே," என்றார். மைமூனா அவருடைய மனைவி. தாயின் துக்கம் என்று குறித்துக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கனகரெத்தினத்தின் கடையில் கசெட்டை மறுபடியும் போட்டோம். கழற்றிப் போட்ட றேடியோக்களுக்கு நடுவில் அவன் ஸ்டூலில் குந்தியிருந்தான். நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"வாப்பா, உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகமா இரிக்கன். விசா முடியிற நாள் வந்திச்சி வாப்பா. பாஸ்போட்டக் கையில எடுத்துக்கிட்டு ஒபீசுக்குப் போய், லைன்ல நிண்டு, ரெண்டு வருஷத்துக்கு நீட்டி எடுத்துட்டன். றபீக்காட கலியாணத்த எனக்காக நிப்பாட்ட வேணாம். நல்லபடியா நடத்துங்க..."

பிறகு தொழுகைக்குப் பாங்கு சொல்லும் ஓசை. பாங்கு தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டாள். சற்று நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"முதல்ல பாஸ்போர்ட்," என்றேன். "நான் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பெண்கள் திரும்பி வந்து சொல்வது ஒரே கதைதான். இறங்கின அன்றே வீட்டுக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுவான். விசாவை நீட்டுவதும் அவன்தான். அவன்தான் கபீல், பொறுப்பு நிற்கிறவன். வேலைக்காரி லைனில் நிற்பதில்லை. நீட்டி முடிந்த பிறகு 'நீட்டியாச்சு' என்று அவளுக்குச் சொல்வார்கள். அதுவும் சொன்னால்தான்."

"அப்ப இவட கையில எப்பிடிப் பாஸ்போர்ட்?"

"கையில் பாஸ்போர்ட் இருக்கிற பெண், ஒன்றில் இனிமேல் போகப் போகிறவள், இல்லாவிட்டால் திரும்பி வந்துவிட்டவள்."

கனகரெத்தினம் மெல்லச் சீட்டியடித்தான். "டேய், வகுப்பில இங்கிலீசு வாத்தியார் உன்னை மரமண்டை எண்டது பிழைதான். சரி, வேற என்ன எழுதியிருக்காய்?"

"பாங்கு கேட்கிறது. ஆகவே முஸ்லிம் நாடு. குவைத்தாக இருக்கலாம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கசெட்டைப் பின்னுக்குச் சுற்றினான். "கண்ணை மூடிக்கொண்டு கேள். பாங்கை விடு. அதுக்கு முந்தி."

கேட்டேன். அவள் குரல். "நல்லபடியா நடத்துங்க." பாங்கு.

"ஒன்றுமில்லையே."

"சோனவனே, ஒண்டுமில்லையா? இன்னொருக்காக் கேள்!" கோபம் வந்தால் முஸ்லிமான என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

மூன்றாவது தடவைதான் காதில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தொம், தொம், தொம் என்று கனத்த அடி. தோல் தளர்ந்த பெரிய மேளத்தின் சத்தம். அது நின்றதும் பாங்கு.

நகரா. எங்கள் பள்ளிவாசல்களில் பாங்குக்கு முன் அடிப்பது. பிறந்த நாள் முதல் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது பாங்கோடு ஒட்டிப்போன சத்தம். தனியாகக் காதில் விழுவதில்லை. மீராசாஹிபு மாமாவின் வீட்டில் அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்டேன். கேட்டதை எழுதவில்லை.

"எங்கட வீடு சாய்ந்தமருது எல்லையில," என்றான் கனகரெத்தினம். "பின்னேரம் உங்கட நகரா அடிச்சாத்தான் எங்கட அம்மா விளக்கேத்த எழும்புவா. மணிக்கூடு வாங்கித் தந்தும் அவவுக்கு நகராதான். குவைத்தில நகரா அடிக்கிறாங்களா எண்டு ஆரையாவது கேள்."

கேட்டேன். நிச்சயமில்லாமல் எழுதக்கூடாது. குவைத்திலிருந்து லீவில் வந்து மறுபடி போக இருக்கும் இரண்டு பேர் மத்தியானம் என் கடைக்கு வந்தார்கள். ஒருவர் சிரித்தார். "நகராவா தம்பி? அங்க மைக்தான். நகராவ நான் ஊருக்கு வந்துதான் கேட்டன்." மற்றவரும் அதையே சொன்னார்.

ஆகவே கசெட் இந்த மண்ணில் பதியப்பட்டது. அவள் இங்கே வந்துவிட்டாள். வந்தவள் ஏன் வீட்டுக்கு வரவில்லை? யாராவது அடைத்து வைத்துப் பேச வைத்தார்களா? பேச வைத்துவிட்டு என்ன செய்தார்கள்?  அப்போது என் மனதில் ஓடியது அதுதான்.

கனகரெத்தினத்தின் மோட்டார் சைக்கிளில் பாலமுனைக்குப் புறப்பட்டோம். காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று கரையோர வீதியிலேயே தெற்கே போனோம். வழி நீளம் அவன் வாய் ஓயவில்லை. பாலமுனையில் இறங்கியதும்தான், "நீ கேள்வி கேள், நான் வீட்டைப் பாக்கிறன்," என்றான்.

கைருன்னிஸாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்வளவில் இருந்தது. கிடுகு வேலி, சீமெந்து முகப்பு. புருஷன் வயலுக்குப் போயிருந்தான். அவள் கதவைப் பாதி திறந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நின்றபடி பேசினாள்.

"மீராசாஹிபு மாமா அனுப்பினார் ராத்தா. சித்தி லைலாவின் விசா விஷயமாக ஒன்று கேட்க வேண்டும்."

"அதான் கசெட்ல சொல்லியிரிக்காளே. விசா நீட்டியாச்சி. அவ நல்லா இரிக்கா. அல்லாட காவல்."

"நீங்கள் எப்போது குவைத்திலிருந்து வந்தீர்கள்?"

"போன கிழமை. வந்த கையோட கொண்டுபோய்க் குடுத்துட்டன்."

"விசா நீட்டும்போது நீங்களும் கூட இருந்தீர்களா?"

"ஓம். லைன்ல நிண்டம்."

"பாஸ்போர்ட்டை அவள் கையில் யார் கொடுத்தது?"

அவள் முக்காட்டை இன்னும் முன்னுக்கு இழுத்தாள். கனகரெத்தினம் முகப்பின் ஓரத்தில் குந்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்தக் கறிவேப்பிலைக் கண்டு பிளேனிலயா வந்தது?"

பால்மா டின் ஒன்று. பக்கத்தில் அரபு எழுத்து. அதில் மண் நிரப்பி வைத்த கறிவேப்பிலைக் கன்று ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளர்ந்து, பக்கக் கிளையும் விட்டிருந்தது. டின்னின் அடி வளையம் முழுக்கத் துரு.

"போன கிழமை வந்த டின்னெண்டா, பாலைக் குடிச்சு முடிச்சு, கண்டு நட்டு, இவ்வளவும் வளத்தெடுக்க அக்காட கை லேசான கையில்லை," என்றான். "இன்னொண்டு. குவைத்தில இருந்து ஆரும் வந்தா ஒரு மாசத்துக்கு வாசலில செருப்பு வைக்க இடமிருக்காது. அவன்ர சாமான், இவன்ர சாமான் எண்டு ஊரே வந்து நிக்கும். இஞ்ச எங்கட ரெண்டு சோடி மட்டும்தான் கிடக்கு."

கைருன்னிஸாவின் கை கதவை இறுக்கிப் பிடித்தது. "தம்பிமாரே, நீங்க போங்க. அவரு வரட்டும், மறுகா கதைங்க."

எனக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த நேரம் பள்ளியில் பின்னேரத்து அஸர் தொழுகைக்கு நகரா அடித்தார்கள். தொம், தொம், தொம். தோல் தளர்ந்த மேளம். கசெட்டில் கேட்ட அதே கனம்.

நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். பாங்கு முடியும்வரை யாரும் பேசவில்லை.

முடிந்ததும் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்ட குரல்.

"அவங்கள உள்ள வரச் சொல்லுகா கைருன்னிஸா. வெளியில நிண்டா நாலு பேர் பாப்பாங்க."

உள் அறையில் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். போர்த்திய சேலைக்குள்ளும் வயிறு தெரிந்தது. ஏழு மாதமாவது இருக்கும் என்று நினைத்தேன். என் கணக்கை நம்ப வேண்டியதில்லை. புருஷன் மௌத்தாகி நான்கு வருஷம். நான் நிலத்தைப் பார்த்தேன். கனகரெத்தினம் வாசற்படியோடு நின்றுவிட்டான்.

அடைத்து வைத்தவன் யாரும் அங்கே இல்லை. கதவுக்கு உட்பக்கத்தில்தான் தாழ்ப்பாள் இருந்தது.

"எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"நகரா."

"நகராவா?" அவள் நெற்றியைச் சுருக்கினாள். "நான் பேசக்குள்ள நகரா அடிச்சா? எனக்குக் கேக்கல்லியே."

பிறகு தானாகவே சொன்னாள். வீட்டுக்காரனின் மகன். விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டு அம்மா பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாளாம். "ரெண்டு வருஷத்தில அண்டைக்குத்தான் அந்தப் பாஸ்போட்ட மறுகா என்ட கண்ணால கண்டன். அதத்தான் கசெட்லயும் வாய் தவறிச் சொல்லிட்டன் போல." அவளுக்கு முன்பே வேலை முடிந்து ஊர் வந்திருந்த கைருன்னிஸாதான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய், இருட்டின பிறகு இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். நான்கு மாதமாகிறது.

"வீட்டுக்குப் போனா றபீக்காட கலியாணம் நிண்டுடும். மாப்பிள வீட்டார் அண்டைக்கே முறிச்சிடுவாங்க. என்ட மகள் உம்முக்கு இப்ப ஏழு வயசு. நாளைக்கு அவளயும் ஒரு வீட்ட கேக்க ஆக்கள் வரணும். குவைத்தில இரிக்கிற உம்மாண்டா வருவாங்க. இஞ்ச இரிக்கிற உம்மாண்டா வருவாங்களா?" சேலையை இழுத்து வயிற்றை மூடினாள். "எனக்கு ஊர்ல விசா முடிஞ்சி போச்சி தம்பி."

"விசாவை நீட்டச் சொன்னது கைருன்னிஸா ராத்தாவா?" என்று கேட்டேன்.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உம்மா," என்றாள் சித்தி லைலா. "ஒபீசும் இல்ல, லைனும் இல்ல. எங்கட உம்மா இந்தப் பாய்ல இரிந்துதான் நீட்டினா. என்ன சொல்லணும், என்ன சொல்லப்படா எண்டு அவதான் சொல்லித் தந்தா. ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டா. பன்பாய் வாங்கப் போறன் எண்டு வாப்பாட்டச் சொல்லிட்டு."

மைமூனா மாமி கசெட்டை ஒரு தரத்துக்கு மேல் கேட்காதது நினைவுக்கு வந்தது. அதைத் துக்கம் என்று எழுதியிருக்கிறேன். அது பிழை என்று முழுதாகவும் சொல்ல முடியாது.

"வாப்பாட்டச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"உயிரோடு இருக்கிறாளா என்று மட்டும்தான் கேட்டார். அதைச் சொல்லலாம்."

"அதச் சொன்னா, எங்க எண்டு கேப்பாரே."

நான் அவள் கால்களைப் பார்த்தேன். பாதம் வீங்கிப் பளபளத்தது. முகமும் வீங்கியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். வந்த நேரத்திலிருந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கித்தான் பார்த்தாள். வெளிச்சம் கூசுகிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

"அவ உங்களுக்குச் சொல்ல மாட்டா," என்றாள் கைருன்னிஸா.  "நாலு நாளா மண்டையிடி. கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குதாம். நேத்து குசினில விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டா, அங்க ஊரும் பேரும் கேப்பாங்க, போனா செத்துருவன் எண்டு சொல்றா. போகாட்டியும் அதான் நடக்கும் போல இரிக்கி தம்பி."

 கனகரெத்தினம் வாசலிலிருந்தே சொன்னான்:

"என்ர பெரியக்கா காரைதீவில அரசாங்க மருத்துவிச்சி. இந்த வீக்கத்தை அவ பாத்தே ஆகணும். டொக்டர் வேணுமெண்டா அவவே கூட்டிவருவா. காரைதீவு தமிழ் ஊர், அங்க உங்களை ஒருத்தருக்கும் தெரியாது."

"காரைதீவா?" சித்தி லைலா லேசாகச் சிரிக்கப் பார்த்தாள். "அதுவும் எனக்கு வெளிநாடுதானே. அங்க போகவும் விசா வேணுமே."

"நான் கபீல் நிக்கிறன் அக்கா," என்றான் அவன்.

அவன் சிரிக்கவில்லை. அவள் கண்ணைச் சுருக்கி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "உம்மா கூட வந்தா வாறன்," என்றாள்.

இப்போதே போவோம் என்று கனகரெத்தினம் சொன்னான். மோட்டார் சைக்கிளில் அந்த நிலையில் ஏற்ற முடியாது. கார் அவன் மைத்துனனிடம் இருக்கிறது. அவன் மட்டக்களப்பிலிருந்து இரவுதான் வருவான். அக்காவிடம் இன்றே சொல்லி, அதற்கிடையில் கைருன்னிஸா செய்ய வேண்டியதைக் கேட்டு அனுப்புவது என்று முடிவு செய்தோம். அது சரியான முடிவா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. காரைதீவில் இறங்கி அக்காவிடம் சொன்னோம். அவர் எங்களை ஏசினார். உடனே தானே பஸ்ஸில் ஏறிப் பாலமுனைக்குப் போய்விட்டார். ஏச்சு எங்களுக்குத் தேவைதான்.

கல்முனைக்கு வந்தபோது மீராசாஹிபு மாமா தட்டச்சுக் கடை வாசலில் நின்றார். கரையிலிருந்து நேரே வந்திருக்கிறார். சாரன் முழங்கால்வரை ஈரம்.

"ஹயாத்தோட இரிக்காளா மனே?"

ஓம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. இன்றைக்கு அது உண்மை. ஆனால் அந்த வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், நாளைக்கும் அது உண்மை என்று எப்படிச் சொல்வேன்?

"இன்னும் ஓரிடம் பார்க்க இருக்கிறது மாமா. நாளைக்குப் பின்னேரம் சொல்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எதைப் படித்தாரோ தெரியாது. "ரெண்டு வருஷம் பொறுத்தன், ஒரு நாள்தானே," என்று சொல்லிவிட்டு வடக்கே போகும் பஸ்ஸைக் கடக்கவிட்டு வீதியைத் தாண்டினார். இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை புதன்கிழமை. கடைக்கு லீவு சொல்ல வேண்டும். மாமா வலைக்குப் போன பிறகு சாய்ந்தமருதுக்குப் போய் மைமூனா மாமியைத் தனியாகச் சந்தித்து, எங்களுக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். றபீக்காவின் கலியாணச் சேலை பார்க்கப் போவதாக அவர் வீட்டில் சொல்லட்டும். காரில் மாமியை முதலில் ஏற்ற வேண்டும். பின் ஆசனக் கண்ணாடிகளுக்கு உள்பக்கம் சேலை கட்ட வேண்டும். பாலமுனையில் மருத்துவிச்சி அக்கா காரைதீவு என்றால் காரைதீவு, ஆஸ்பத்திரி என்றால் ஆஸ்பத்திரி. ஊரும் பேரும் கேட்டால் உண்மையானதையே கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை நான் நிரப்புவேன்.